தொண்ணூற்றொன்பது நாள் ஆண்ட சக்கரவர்த்தி

அரசர் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்கள் வென்ற போர்களையும் நாட்டிய சட்டங்களையும் எண்ணிக் காட்டுவர். ஜெர்மானியச் சக்கரவர்த்தி மூன்றாம் பிரெடெரிக்கின் சரித்திரத்தை அம்முறையில் எழுதத் தொடங்கினால், அவர் அரியணை ஏறுமுன்னரே அது முடிந்துவிடும். அவர் அரசு வீற்றிருந்தது 99 நாட்களே. அந்நாட்களிலும் அவர் வாய் திறந்து ஒரு கட்டளையேனும் இட்டாரல்லர். அவருடைய குரலை நோய் முன்னமே கொண்டு போயிற்று. ஆயினும் அவர் தொண்டையில் முளைத்த ஒரு சிறு தடிப்பைப் பற்றி மருத்துவ உலகம் இன்றளவும் பேசுகின்றது. அதனை உற்று நோக்கிய வைத்தியர்கள் அக்காலத்தில் தத்தம் துறையில் முதலிடம் பெற்றவர்கள். அவர்கள் கண்டது யாது, காணாது விட்டது யாது, ஏன் விட்டனர் என்பதே ஈண்டு நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் இதனை ஓர் அரண்மனைக் கதையென்று மட்டும் எண்ணாது படிப்பார்களாக.

பிரெடெரிக் 1831-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் பெர்லினையடுத்த பொட்ஸ்டாம் நகரத்து அரண்மனையில் பிறந்தார். தந்தையார் வில்லியம், பிரஷ்ய அரச குலத்தினர். படை ஒழுக்கமே வாழ்க்கை என்றிருந்தவர். தாயார் அகஸ்டா, கலைகளிலும் நூல்களிலும் ஈடுபாடுடைய வைமார் அரச குடியிற் பிறந்தவர். மைந்தர் தந்தையாரிடம் படைப்பயிற்சியும் தாயாரிடம் பரந்த நோக்கமும் பெற்றனர் என்பர். பான் பல்கலைக் கழகத்திற் சிலகாலம் சட்டமும் சரித்திரமும் கற்றார். 1858-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் லண்டன் நகரில் விக்டோரியா மகாராணியாரின் மூத்த புதல்வியைத் திருமணஞ் செய்து கொண்டார். தாயின் பெயரே மகளுக்கும் வாய்த்திருந்தது. அரசியற் காரணம் பற்றி நிகழ்ந்த மணமாயினும் இருவரும் ஒருவரையொருவர் மெய்யாக நேசித்தனர். எண்மர் மக்களைப் பெற்றனர். அவருள் சிகிஸ்மண்ட் என்னும் பாலகன் இரண்டு வயது நிரம்புமுன் மூளைச்சவ்வு அழற்சியாலும், வால்டெமார் பதினோராம் வயதில் தொண்டை அடைப்பான் நோயாலும் இறந்தனர். இவ்விரு புத்திர சோகமும் பெற்றோரை விட்டு நீங்கவேயில்லை.

போர்க்களத்தில் அவர் பெற்ற புகழ் சிறிதன்று. 1866-ஆம் ஆண்டு ஆஸ்திரியரோடு கோனிக்ராட்ஸ் என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும் போரில், அவர் நடத்தி வந்த படை உரிய வேளையில் வந்து சேர்ந்ததே வெற்றிக்குக் காரணமாயிற்று. 1870-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த யுத்தத்திலும் மூன்றாம் படைக்குத் தலைமை வகித்து வென்றார். அங்ஙனமிருந்தும் அவர் யுத்தத்தை விரும்பியவரல்லர். குடிமக்களின் பிரதிநிதிகள் அடங்கிய சபைக்கு அரசன் கட்டுப்பட்டு ஆளவேண்டும் என்பது அவர் கொள்கை. 1863-ஆம் ஆண்டு பிரதம மந்திரி பிஸ்மார்க் பத்திரிகைகளின் வாயைக் கட்டியபொழுது, அச்செயலிற் தமக்குப் பங்கில்லை என்று டான்சிக் நகரத்தில் வெளிப்படையாகவே கூறித் தந்தையாரின் கோபத்துக்கு ஆளானார். அன்று முதல் அரசியற் காரியங்களில் அவர் சொல் ஏறவில்லை. இளவரசர் என்ற பட்டத்தோடு காத்திருப்பதே தொழிலாயிற்று. தந்தையாரோ 90 வயது வரை திடமாக இருந்தார். குடியாட்சியில் ஆர்வமுடைய ஜெர்மானியர் பலரும் இவர் பட்டத்துக்கு வரும் நாளை எதிர்நோக்கியிருந்தனர்.

நிற்க. 1887-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளவரசருக்குக் குரல் கம்மிற்று. மழை பனியில் நனைந்ததால் உண்டான சளி என்று அரண்மனை வைத்தியர் கருதி, அதற்குரிய மருந்துகளைக் கொடுத்து வந்தார். வாரங்கள் சென்றும் கம்மல் தீரவில்லை. இளவரசருக்கு அப்போது வயது 55. நெடுங்காலம் சுங்கான் புகைத்தவர். அவ்வயதில், புகை பிடிக்கும் ஒருவருக்கு, வலியில்லாமல் நிலைத்து நிற்கும் குரற்கம்மலைச் சளியென்று தள்ளலாகாது என்பதை இன்று எந்த வைத்திய மாணவரும் அறிவர். சில வாரங்கள் கடந்தும் குரல் தெளியாவிடில் குரல்வளையைக் கண்ணாற் பார்த்தே தீரவேண்டும் என்பது இக்கால விதி. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் கன்னத்தின் உட்புறத்தும் நாவிலும் தோன்றும் ஆறாப் புண்ணுக்கும் இவ்விதி பொருந்தும். நோவில்லையே என்று அதனைப் பொருட்படுத்தாதிருப்பவர் நம்மிடையே பலர்.

உயிருள்ளவன் தொண்டைக்குள் இருக்கும் குரல்வளையைக் காணும் வழி அப்பொழுது புதிதாகத்தான் கிடைத்திருந்தது. அதனைக் கண்டவர் வைத்தியரல்லர். மானுவல் கார்ஸியா என்னும் சங்கீத ஆசிரியர். ஸ்பானிய வமிசத்தவராகிய அவர், பாடும்பொழுது குரல் எங்ஙனம் பிறக்கின்றது என்றறிய விரும்பி, 1854-ஆம் ஆண்டு ஒரு சிறு கண்ணாடியைத் தம் வாய்க்குள் சாய்த்துப் பிடித்து, சூரிய ஒளியை அதன்மேல் விழச்செய்து, தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். அக்கருவியை வைத்தியர்கள் எடுத்துக்கொண்ட பின்னரே தொண்டை வைத்தியம் என்று ஒரு தனித்துறை எழுந்தது. கார்ஸியா நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, தம் கண்ணாடி உலகெங்கும் பரவியதைப் பார்த்தே 1906-ஆம் ஆண்டில் இறந்தார்.

மார்ச்சு மாதம் 6-ஆம் நாள் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ஹார்ட் அத்தகைய கண்ணாடி கொண்டு நோக்கி, இடப்பக்கத்துக் குரல் நாணில் ஒரு சிறு தடிப்பு இருக்கக் கண்டார். கம்பி வளையத்தால் அதனை அகற்ற முயன்றார், முடியவில்லை. பின்னர் மின்சாரத்தாற் காய்ச்சிய கம்பியைக் கொண்டு பல நாள் தொடர்ந்து சுட்டார். இளவரசர் எம்ஸ் என்னும் ஊற்று நகருக்குச் சென்று இளைப்பாறித் திரும்பியபொழுது, சுட்ட இடம் ஆறாமல் தடிப்பு முன்னிலும் பெரிதாயிருந்தது. நாணின் அசைவும் மந்தப்பட்டது. கெர்ஹார்டுக்கு ஐயம் வலுத்தது. ரண வைத்தியத்தில் தலைசிறந்தவராகிய பெர்க்மான் அழைக்கப்பட்டார். இருவரும் இது புற்றுநோயே எனத் துணிந்தனர். கழுத்தின் முன்புறத்தைப் பிளந்து குரல்வளையைத் திறந்து தடிப்பை வேரோடு அறுத்துவிட வேண்டும் என்பது பெர்க்மானின் கருத்து. மே மாதம் 21-ஆம் நாள் சஸ்திரம் செய்யக் குறிக்கப்பட்டது.

அக்காலத்தில் அது எத்தகைய துணிவு என்பதை நாம் உணரவேண்டும். புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் முதன்முதல் எடுத்தவர் வியன்னா நகரத்து பில்ராத் என்னும் பெரும் ரண வைத்தியர். அது 1873-ஆம் ஆண்டின் இறுதியில். அந்நோயாளி சில மாதங்களே வாழ்ந்தார். அவருக்குப் பின்னர் அச்சிகிச்சைக்கு உட்பட்டவருட் பலர் சில நாட்களிலோ வாரங்களிலோ மாண்டனர். பெர்க்மான் முதலிற் கருதியது அத்துணைப் பெரிய சஸ்திரமன்று. எனினும் பிளந்து பார்த்தபின் நோய் எவ்வளவு பரவியிருக்கும், எவ்வளவு வெட்ட நேரும் என்று யார் அறிவர்? இளவரசரிடம் உண்மையைச் சொல்லாமலும் சக்கரவர்த்தியின் அனுமதி பெறாமலும் இதனைச் செய்ய எண்ணினர் என்றும், தாம் குறுக்கிட்டு நிறுத்தியதாகவும் பிஸ்மார்க் தம் நினைவு நூலில் எழுதி வைத்தார். தொண்டை வைத்தியத்தில் மட்டுமே பழகிய ஒருவரையும் கலந்துகொள்ள வேண்டும் என ஜெர்மானிய வைத்தியர்களே விரும்பினர். அவர்கள் குறித்த பெயர் லண்டன் நகரத்து மோரல் மெக்கன்ஸி என்பது. இளவரசியும் அவர் தாயாரும் ஆங்கிலேயர் ஒருவரை வலிந்து புகுத்தினர் எனப் பின்னாளிற் பரவிய பழி அநியாயமானது.

மெக்கன்ஸி 1863-ஆம் ஆண்டிலேயே லண்டனில் தொண்டை நோய்களுக்கென ஒரு மருத்துவமனை நிறுவியவர். தொண்டை மூக்கு நோய்களைப் பற்றி இரு பாகங்களில் விரிவான நூல் இயற்றியவர். கைத்திறனில் அவருக்கு நிகர் இல்லை என்பது அக்காலத்தார் கருத்து. கூடவே, தம் திறமையில் அளவு கடந்த நம்பிக்கையும் இருந்தது. மே 20-ஆம் நாள் பெர்லினுக்கு வந்து பார்த்த அவர், தடிப்பின் ஒரு துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்ந்து, புற்றுநோயென உறுதிப்பட்டாலன்றிக் கத்தி வைத்தலாகாது என வற்புறுத்தினார். இது நேர்மையான கொள்கை. இன்று உலகமெங்கும் கைக்கொள்ளப்படுவதும் இதுவே. ஆராய்பவர் யாவர் என்னும் வினாவுக்கு ஒருவர் பெயர்தான் விடையாக முடியும்: ருடால்ப் விர்ச்சோ. நோயெல்லாம் உடலின் நுண்ணறைகளிற் தொடங்குகின்றது என்று 1858-ஆம் ஆண்டில் நூல் எழுதி வைத்திய சாஸ்திரத்தின் அடிப்படையையே மாற்றியவர் அவர். அரசியலிற் பிஸ்மார்க்கின் எதிரியும் ஆவர்.

மறுநாளே மெக்கன்ஸி நீண்டு வளைந்த இடுக்கியை வாய் வழியே செலுத்தி ஒரு சிறு துணுக்கை எடுத்தார். விர்ச்சோ அதிற் புற்றுநோயின் அடையாளம் காணவில்லை. சில நாட்களிற் பின்னும் ஒன்று எடுக்கப்பட்டது. அது ஆராய்ச்சிக்குப் போதாத அளவு. அம்முயற்சியில் மெக்கன்ஸி நோயில்லாத வலப்பக்க நாணைக் காயப்படுத்திவிட்டார் எனக் கெர்ஹார்ட் குற்றஞ்சாட்டினார். மெக்கன்ஸி அதனை மறுத்தார். ஜூன் மாதத் தொடக்கத்தில் எடுத்த பெரிய துணுக்கிலும் மேற்றோல் தடித்த நிலையே காணப்பட்டது. விர்ச்சோ தம் அறிக்கையில், தாம் கண்ட துணுக்கு நம்பிக்கை அளிப்பதே எனினும், அதனைக் கொண்டு நோய் முழுவதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று எச்சரிக்கையும் சேர்த்தே எழுதினார்.

இவ்வெச்சரிக்கையே இச்சரித்திரத்தின் உயிர்நிலை என்பேன். நெற்குதிரின் மேலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துப் பூச்சியில்லை என்றால், அந்தப் பிடியில் இல்லை என்பதே பொருள். அடியில் இருப்பதை அப்பிடி எவ்வாறு அறிவிக்கும்? துணுக்கில் நோய் தென்பட்டால் நோய் உண்டு. தென்படாவிடில் நோயில்லை என்பது முடிவாகாது. இதனை விர்ச்சோ அறிந்திருந்தார். கண்ணாற் கண்டதும் நாணின் அசைவு குறைந்ததும் கெர்ஹார்டுக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் நல்ல செய்திக்காக ஏங்கியிருந்த அரண்மனையிலும், வெற்றியில் மகிழ்ந்த மெக்கன்ஸியின் செவியிலும் அறிக்கையின் முற்பாதி மட்டுமே விழுந்தது. இளவரசியின் நிலையில் நாம் இருந்தாலும் அதனைத்தான் கேட்டிருப்போம். பெர்க்மானின் கத்தி பெட்டிக்குள் திரும்பிற்று.

1887-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் விக்டோரியா மகாராணியாரின் ஐம்பதாண்டு ஆட்சிப் பொன்விழா லண்டனில் நிகழ்ந்தது. நம் சென்னையில் விக்டோரியா பொது மண்டபம் அவ்விழாவின் நினைவாக எழுந்ததே. ஊர்வலத்தில் வெண்ணிறச் சீருடையும் மின்னும் தலைக்கவசமும் அணிந்து குதிரைமேல் வந்த பிரெடெரிக்கைக் கண்ட ஜனங்கள், அவரைப் பழைய காவியத்து வீரனெனப் புகழ்ந்து ஆரவாரித்தனர். அக்கம்பீர உருவத்தின் கழுத்துக்குள் நோய் வளர்ந்து கொண்டிருந்தது. அம்மாத இறுதியில் மெக்கன்ஸி மீண்டும் ஒரு துணுக்கை எடுத்தனுப்ப, விர்ச்சோ மீண்டும் புற்று இல்லை என்றே எழுதினார். செப்டம்பர் மாதத்தில் மெக்கன்ஸிக்கு ஸர் பட்டம் கிடைத்தது.

இளவரசர் ஸ்காட்லாந்து, டைரோல் மலைநாடு, இத்தாலி எனக் குளிர்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருந்த இடங்களை நாடி அலைந்து, நவம்பர் மாதத் தொடக்கத்தில் சான் ரெமோ என்னும் கடற்கரை ஊரை அடைந்தார். அங்கே தொண்டையில் வேறோரிடத்தில் புதிய வளர்ச்சி கண்டது. மெக்கன்ஸி விரைந்து வந்து பார்த்தார். அன்று அவராலும் மறுக்க முடியவில்லை. வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் பிராங்க்பர்ட்டிலிருந்தும் வந்த வைத்தியர்களும் கூடிப் புற்றுநோயே என முடிவு செய்தனர். அதனை நோயாளிக்கு மறைக்கவில்லை. அவர் நின்றபடியே அமைதியாகக் கேட்டார். குரல்வளை முழுவதையும் எடுத்துவிடுதல் ஒன்று. மூச்சு முட்டும்பொழுது கழுத்தில் துளையிட்டுக் குழல் வைத்தல் மற்றொன்று. முன்னதை வேண்டாமென மறுத்துப் பின்னதற்கு இசைந்தார். அவர் மறுப்பை நான் குறைகூறேன். மே மாதத்திற் சிறிதாயிருந்தபொழுது செய்யாத சஸ்திரத்தை நவம்பரிற் செய்தால் உயிர் தப்புவோர் அக்காலத்தில் வெகு சிலரே.

1888-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் மூச்சு அடைத்தது. பெர்க்மானின் உதவியாளர் பிராமான் கழுத்தைத் திறந்து மூச்சுக்குழலிற் குழல் பொருத்தினார். அன்றோடு இளவரசரின் குரல் முற்றும் அடங்கிற்று. எண்ணியதையெல்லாம் சிறு சீட்டுக்களில் எழுதிக் காட்டலானார். மார்ச்சு மாதத்தில் வால்டையர் என்னும் உடற்கூற்று நிபுணர், இருமலில் வெளிப்பட்ட சதைத் துணுக்கை ஆராய்ந்து, புற்றுநோயின் நுண்ணறைகளைக் கண்டு தெரிவித்தார். முதல் ஐயம் எழுந்து ஏறக்குறைய ஓராண்டுக்குப்பின் பூதக்கண்ணாடி அதனை ஒப்புக்கொண்டது.

அம்மார்ச்சு 9-ஆம் நாள் முதிய சக்கரவர்த்தி பெர்லினில் இறந்தார். முப்பதாண்டு காத்திருந்த அரசுரிமை, ஊமையாகிவிட்டவரிடம் வந்து சேர்ந்தது. தம் மார்பில் அணிந்திருந்த உயரிய விருதைக் கழற்றி மனைவிக்குச் சூட்டியதே சக்கரவர்த்தியாக அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று. வெம்மையான கடற்கரையை விட்டு, பனி பொழியும் பெர்லினுக்குப் பயணமானார். தந்தையாரின் இறுதி ஊர்வலத்திற் கலந்துகொள்ளத் திறனின்றி, சார்லாட்டன்பர்க் அரண்மனைச் சன்னலருகில் நின்று அது கடந்து செல்வதைப் பார்த்திருந்தார்.

அவர் ஆட்சியைப் பற்றி விரிக்க அதிகமில்லை. தம் கொள்கைக்கு மாறான உள்நாட்டு மந்திரி புட்காமர் என்பவரை விலக்கினார். சிறையிலிருந்தோர் பலருக்கு மன்னிப்பளித்தார். பெருமாற்றம் எதற்கும் உடலும் இடந்தரவில்லை, பிஸ்மார்க்கும் இடந்தரவில்லை. படுக்கையருகிலோ வைத்தியர்களின் பகை முற்றிற்று. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் குழலை மாற்றும்பொழுது பெர்க்மானின் கை தவறிக் குருதி பெருகிற்று என மெக்கன்ஸி கூறினார். ஜெர்மானியர் அதனை மறுத்தனர். நோயாளி ஒருவர், வைத்தியர் இரு கட்சியினர், கட்சிக்கொரு பத்திரிகைக் கூட்டம். மூத்த மகன் வில்லியமும் தாய்க்கு எதிரான பக்கத்தில் நின்றான். ஜூன் மாதத் தொடக்கத்தில் சக்கரவர்த்தி தாம் பிறந்த அரண்மனைக்கே படகிற் சென்று சேர்ந்தார். நோய் உணவுக்குழல் வரை துளைத்துவிட, உட்கொண்ட உணவு கழுத்துத் துளை வழியே வந்தது. தம்மைக் காணவந்த பிஸ்மார்க்கின் கையில் மனைவியின் கையை எடுத்து வைத்தார். சொல்ல வாயில்லாதவர் செய்த அடைக்கலம் அது. 1888-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 56.

உடலைத் திறந்து பார்த்தவர் விர்ச்சோவும் வால்டையருமே. குரல்வளை இருந்த இடம் புற்றால் அழிந்து கிடந்தது. தாம் பலமுறை இல்லையென்று எழுதியதை விர்ச்சோ தம் கண்ணெதிரே கண்டார். அடுத்த மாதமே ஜெர்மானிய வைத்தியர்கள் மெக்கன்ஸியைக் குற்றஞ்சாட்டி நூல் வெளியிட்டனர். அவரும் விடைநூல் எழுதினார். நோயாளியின் அந்தரங்கங்களை அதில் அவர் கொட்டியதை லண்டனிலுள்ள ரண வைத்தியர் கழகத்தார் கண்டித்தனர். 1892-ஆம் ஆண்டில், ஐம்பத்தைந்து வயதும் நிரம்பாமல் மெக்கன்ஸி இறந்தார்.

பிரெடெரிக் பிழைத்திருந்தால் ஜெர்மனி குடியாட்சி நெறியிற் சென்றிருக்கும், 1914-ஆம் ஆண்டின் மகாயுத்தமும் நேர்ந்திராது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அவ்வளவு துணிவில்லை. ஆனால் மருத்துவத்தில் நேர்ந்த மாற்றத்தை ஐயமின்றிச் சொல்லலாம். லண்டனில் பட்லின், செமன் என்னும் இருவர், குரல்வளையைப் பிளந்து சிறு புற்றை அகற்றும் அதே சஸ்திரத்தைத் தக்க நோயாளிகளை மட்டும் தேர்ந்து செய்து, 1890-க்குப் பின் நற்பயன் கண்டனர். 1920-க்குப் பின் பாரிஸ் நகரத்து கூட்டார், எக்ஸ் கதிர்களைச் சிறுசிறு அளவாகப் பல நாட்களிற் பகுத்துச் செலுத்திக் குரலையும் காத்து நோயையும் நீக்கிக் காட்டினார். 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்கர்மன் என்பவர், மேற்பரப்பில் வெறும் தடிப்புப்போலவே தோன்றி அடியிற் பரவும் ஒருவகைப் புற்றை விவரித்தார். மேலோடு கிள்ளிய துணுக்கு அதில் ஏமாற்றும்; ஆழ்ந்து எடுத்தல் வேண்டும். பிரெடெரிக்குக்கு வந்தது அவ்வகையே என ஆராய்ச்சியாளருட் சிலர் கருதுவர், மறுப்போரும் உளர். இன்று நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, குரல்வளைக்குள் நேரே நோக்கி, போதிய அளவு சதையை எடுப்பர். கண்டதும் துணுக்கும் முரண்பட்டால் மறுபடியும் எடுப்பர். ஸ்கேன் படமும் பார்ப்பர். ஒரு நாணின் அளவில் நிற்கும் சிறு புற்று, லேசர் ஒளியாலோ கதிர் சிகிச்சையாலோ பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகின்றது. குரலும் பெரும்பாலும் நிற்கின்றது. கெர்ஹார்ட் மார்ச்சு மாதத்திற் கண்டது அத்தகைய அளவினதே.

கணவரை இழந்த விக்டோரியா, பிராங்க்பர்ட் நகரையடுத்த குரோன்பெர்க்கில் மாளிகை அமைத்து, அதற்குக் கணவர் பெயரையே இட்டு, தனிமையில் வாழ்ந்தார். அவரையும் மார்பகப் புற்றுநோய் பற்றியது. அது முதுகெலும்பு வரை பரவ, கொடிய நோவை நெடுநாட் பொறுத்து, 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் இறந்தார். பொட்ஸ்டாமில், சிறு வயதில் மாண்ட மைந்தர் இருவரும் அடக்கமாகிய தேவாலயத்தில், கணவரின் பக்கத்தே அவரை வைத்தனர்.